சுகந்திக்கு வந்த என்னுடைய நீர்க்கட்டி

என் சகலன் பாலா அண்ணைக்கு வருத்தம் வந்தால் அது இதயத்தில்தான் வரும். கொட்டாஞ்சேனையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறவர், வாட்டசாட்டமான ஆள், மூன்று பிள்ளைகளின் தகப்பன். அவருக்குத் தக்க வருத்தம். இரண்டு வருஷத்துக்கு முன் இதயக் குழாயில் ஓர் அடைப்பு. மணிக்கட்டு வழியாக வயர் விட்டு, உள்ளே ஒரு சின்னக் கம்பிச் சுருளை வைத்து, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மூன்று நாளும் அவரைப் பார்க்க வந்த சனத்தை வைத்து ஒரு கலியாணமே நடத்தியிருக்கலாம். இன்றைக்கும் எந்த விசேஷ வீட்டிலும் சட்டைக் கையை மடித்து மணிக்கட்டில் உள்ள புள்ளியைக் காட்டுவார். புள்ளி தெரியாது. ஆனாலும் எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள்.

எனக்கு வந்தது அப்படி மரியாதையான இடத்தில் வரவில்லை. மூத்திரப்பைக்குப் பின்னால், மலக்குடலுக்கு முன்னால், ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒரு சின்னப் பையில் வந்தது. எதை மடித்தும் காட்ட முடியாத இடம். கலியாண வீட்டில் யாராவது "என்ன தம்பி, ஒப்பரேசனாம்?" என்று கேட்டால் நான் சாம்பாரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவேன்.

நான் பொறாமைக்காரன். இதையும் பொறாமையில்தான் எழுதத் தொடங்குகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. இதை வாசிக்கிற ஆண் யாராவது கதிரையின் ஓரத்தில், அரைக் குண்டியில் இருந்துகொண்டு வாசிக்கிறார் என்றால், அவர் என்னைப்போல ஒரு வருஷத்தைப் பகிடி விட்டே கழிக்காமல் போய் ஒரு ஸ்கான் எடுக்கட்டும்.

வெள்ளவத்தையில் காலி வீதியில் உள்ள ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினொரு வருஷமாக வேலை செய்கிறேன். வருகிறவரை எழுத்துப் பலகைக்கு முன்னால் இருத்தி, எதிரே ஒரு ஸ்டூலில் நான் இருந்து, கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவோ, அது தெளிவோ" என்று கேட்பதுதான் என் சீவியம். ஒரு நாள் அந்த ஸ்டூலில் இருந்தவுடன், கீழே யாரோ சிரட்டையைக் கவிழ்த்து வைத்தமாதிரி இருந்தது. எழும்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. திரும்ப இருந்தேன். சிரட்டை இருந்தது.

அதோடு மூத்திர எரிவு. அரை மணிக்கு ஒரு தரம் ஓட்டம். போய் நின்றால் நாலு துளி. புருஷன் பெண்சாதி சங்கதியிலும் வலி. அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டாம் என்று மனைவி சுகந்தி சொல்லியிருக்கிறாள். விந்தில் ஒரு தரம் இரத்தம் கலந்து வந்தது என்பதை மட்டும் எழுத அனுமதி கிடைத்திருக்கிறது, வேறு யாருக்காவது உதவும் என்பதால்.

நான் கடையில் நின்றுகொண்டே வேலை செய்யத் தொடங்கினேன். "பாருங்கோ, ஒரு நிமிஷம் இருக்கிறானில்லை" என்று முதலாளி மற்றப் பெடியன்களுக்கு என்னை உதாரணம் காட்டினார். ஒரு வருத்தம் எனக்குத் தந்த ஒரே பாராட்டு அது.

எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள், அந்தச் சின்னத் தெருவில், உள்ள டொக்டர் மூத்திரத் தொற்று என்று குளிசை தந்தார். ஒரு கிழமையில் சுகம். அடுத்த மாதம் திரும்ப எரிவு, திரும்பக் குளிசை. இப்படி மூன்று தரம். பார்லித் தண்ணீரும் செவ்விளநீரும் குடித்துக் குடித்து, ஓட்டம்தான் கூடியது. பாலா அண்ணை தொலைபேசியில், "கல்லாயிருக்கும் ஐசே. எனக்கும் முந்தி இருந்தது" என்றார். அவரிடம் இல்லாத வருத்தமே இல்லை. எனக்கு எரிந்தது, இரண்டு இடத்திலும்.

இந்த இடத்தில் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கலியாணமாகி ஆறு வருஷம். பிள்ளை இல்லை. எங்கள் சனத்தில் இதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பெண்ணுக்கு விரதம், பிறகு பெண்ணுக்கு இரத்தப் பரிசோதனை, பிறகு பெண்ணுக்கு ஸ்கான். அதற்குப் பிறகும் சரிவராவிட்டால் வேறு ஒரு கோயிலில் பெண்ணுக்கு விரதம். சுகந்தியின் தாய், என் மாமி, மூத்த மகளோடு கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற மனுஷி. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் மகளுக்காகக் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தப் போவார். சுகந்திக்குக் கருப்பைக்குள் மருந்து விட்டுப் படம் பிடித்தார்கள். அந்த நோவில் அவள் இரண்டு நாள் சுருண்டு கிடந்தாள். ஒரு குறையும் இல்லை என்று வந்தது.

அப்போதே அவளுடைய டொக்டர் எனக்கும் ஒரு விந்துப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். ஒரு சின்னப் போத்தலும் தந்தார். அந்தப் போத்தல் எங்கள் அலுமாரியில் இரண்டு வருஷம் இருந்தது. சுகந்தி ஞாபகப்படுத்தும்போதெல்லாம் நான் ஒரு பகிடி விடுவேன். நல்ல பகிடிகள். அவளும் சிரிப்பாள். பிறகு நினைத்துப் பார்த்தால், முதல் வருஷம்தான் சிரித்தாள்.

நாலாவது தொற்றோடு ஒழுங்கை டொக்டர் கையை விரித்து ஸ்கானுக்கு அனுப்பினார். மூத்திரத்தை அடக்கிக்கொண்டு வரச் சொல்வார்கள். என்னைப்போன்ற ஆளுக்கு அது தண்டனை. வாங்கில் வரிசையாக இருந்தவர்கள் எல்லோரும் லீற்றர் கணக்கில் தண்ணீர் குடித்துவிட்டு அமைதியாகத் தொலைக்காட்சி பார்த்தார்கள். எனக்கு அவர்களின் மூத்திரப்பைகளில் பொறாமை வந்தது. சுகந்தி பக்கத்தில் இருந்து, கவனத்தைத் திருப்ப, கடைக்கு வருகிற ஆட்களைப்போல நடித்துக் காட்டினாள். சிரித்தால் ஆபத்து என்று நான் கெஞ்சி நிற்பாட்டினேன்.

உள்ளே ஸ்கான் செய்தவர் சிங்களப் பெண் டொக்டர். வலது பக்கம் பார்த்து முடித்தார். இடது பக்கம் வந்து கருவியை மேலே கொண்டுபோனார், கீழே கொண்டுவந்தார், பக்கவாட்டில் திருப்பினார். வீட்டுத் திறப்பைத் தொலைத்தவர் தேடுகிறமாதிரி இருந்தது.

முன்பு எப்போதாவது சிறுநீரகத்தை எடுத்தார்களா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றேன். யாருக்காவது கொடுத்தீர்களா என்றார். நான் யாருக்கும் ஒரு குடை கூடக் கொடுத்ததில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. கருவியை அடிவயிற்றுக்குக் கொண்டுவந்து அழுத்தினார். திரையில் மூத்திரப்பை ஒரு கறுப்புக் குளம். அதன் பின்னால் இன்னொரு கறுப்புக் குளம், கொஞ்சம் சின்னது. அது அங்கே இருக்கக் கூடாதது என்று எனக்கே விளங்கியது, ஏனென்றால் அவர் வேறு ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

முப்பத்தேழு வயதில் எனக்குத் தெரியவந்தது, நான் பிறந்ததில் இருந்து ஒரு சிறுநீரகத்தோடுதான் சீவிக்கிறேன் என்று. வெளியே வந்து வீதியைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நின்ற சனம், மாம்பழம் வெட்டி விற்றவர், பொலிஸ்காரர், எல்லோருக்கும் இரண்டு. அன்று மாதிரிப் பொறாமை எனக்கு எவரிலும் வந்ததில்லை.

கொள்ளுப்பிட்டியில் ஒரு சிறுநீரக வைத்திய நிபுணரைச் சனல் பண்ணினோம். பணம் கட்டி நேரம் குறித்துக் காத்திருப்பதற்கு இங்கே அப்படித்தான் பெயர். நம்பர் முப்பத்தொன்று. முப்பதாம் நம்பர்க்காரர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அவரிலும் பொறாமை. டொக்டர் வயதானவர், மெதுவாகக் கதைக்கிறவர். கையுறை போட்டு, திரும்பிப் படுக்கச் சொல்லி, பின்வழியாக விரலால் தொட்டுப் பார்த்தார். அதை வர்ணிக்க மாட்டேன். கால் நிமிஷம் பிடிக்கும், மரியாதை திரும்பி வர ஒரு நாள் பிடிக்கும் என்று மட்டும் சொல்லலாம். அந்தக் கால் நிமிஷத்தில் அவர் விரலுக்குக் கட்டி தட்டுப்பட்டது. மற்ற டொக்டர் மூன்று தரம் குளிசை தந்தபோது தட்டுப்படாதது.

பிறகு எம்.ஆர்.ஐ. அது காந்தத்தால் உள்ளுறுப்புகளைத் துண்டு துண்டாகப் படம் பிடிக்கிற மெசின். குழாய்க்குள் அசையாமல் படுக்க வேண்டும், வெளியே யாரோ தகரம் தட்டுகிறமாதிரி ஒரே சத்தம். படங்கள் வந்ததும் டொக்டர் ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் கீறி விளங்கப்படுத்தினார். தாயின் வயிற்றில் இருக்கும்போது ஒரு மெல்லிய குழாயில் இருந்து இரண்டு வேலை நடக்கிறது. அதில் முளைக்கிற அரும்பால்தான் சிறுநீரகம் உண்டாகிறது. அதே குழாய்தான் பிறகு ஆணின் விந்துப் பாதையாகிறது. எனக்கு இடது பக்கத்தில் அந்தக் குழாய் தொடக்கத்திலேயே பிழைத்துவிட்டது. சிறுநீரகம் உண்டாகவில்லை. அந்தப் பக்கத்து விந்துப்பைக்கு வாசலும் திறக்கவில்லை. விந்துப்பை என்பது விந்தோடு சேருகிற நீரைச் சுரந்து வைக்கிற பை. வாசல் இல்லாத பைக்குள் நீர் சுரந்து சுரந்து, வருஷக்கணக்கில் வீங்கி, நீர்க்கட்டியாகிவிட்டது. ஸ்கானில் தேசிக்காய் அளவு என்றார்கள். எம்.ஆர்.ஐயில் அது தோடம்பழம், அதைப்போல இரண்டு மடங்கு. இது அபூர்வம், தன் காலத்தில் இதற்கு முன் இரண்டு பேரைத்தான் பார்த்ததாகச் சொன்னார்.

எனக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. பாலா அண்ணைக்கு வந்தது கொழும்பில் வீட்டுக்கு வீடு இருக்கிற வருத்தம்.

நோ இல்லாதவர்களுக்கு இதைத் தொடாமல் வருஷத்துக்கு ஒரு தரம் பார்த்துக்கொண்டிருந்தால் போதுமாம். ஊசியால் நீரை இழுக்கலாம், ஆனால் திரும்ப நிரம்பும். என்னைப்போல நோவும் தொற்றும் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு, வயிற்றில் நாலு சின்ன ஓட்டை போட்டுக் கமரா விட்டு, கட்டியை அந்தப் பையோடு எடுப்பதுதான் வழி. பிறகு டொக்டர் சுகந்தியைப் பார்த்து, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். டொக்டர் உறையைத் திருப்பி, வீங்கிய கட்டி நல்ல பக்கத்துப் பாதையையும் எப்படி நெரிக்கிறது என்று கீறிக் காட்டினார். இதனால் பிள்ளை தாமதமாகலாம், உடனே பரிசோதியுங்கள் என்றார். அலுமாரிப் போத்தலின் மூடி மஞ்சளாகிப் போயிருந்தது. புதிதாக ஒன்று வாங்கினோம். முடிவு வந்தது: விந்தில் உயிரணு இருக்கிறது, ஆனால் மிகக் குறைவு.

அன்று பின்னேரம் சுகந்தி தமக்கையோடு கதைத்துக்கொண்டிருந்தாள். "நீர்க்கட்டி எண்டு சொல்லுகினம் அக்கா" என்றது எனக்குக் கேட்டது. அடுத்த வசனம் தொடங்க முதல் மறுபக்கத்தில் மாமி தொலைபேசியைப் பறித்து அழத் தொடங்கிவிட்டார். நீர்க்கட்டி என்றால் அது பெண்ணுக்குத்தான் என்பதில் எங்கள் சனத்துக்குச் சந்தேகமே கிடையாது. ஆணுக்கும் ஒரு பை உண்டு, அதிலும் நீர் கட்டும் என்பது எந்த மாமிக்குத் தெரியும்? எனக்கே முதல் நாள்தான் தெரியும்.

அடுத்த நாள் மாமி எவர்சில்வர் டப்பாவோடு வந்து இறங்கினார். உள்ளே உழுத்தங்களி. வறுத்த உழுத்தம்மாவும் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டி, மேலே நல்லெண்ணெய் மினுங்க, வாசத்தில் எனக்கு வாயூறியது. மகளை அணைத்து, தலையைத் தடவி, "கவலைப்படாதை பிள்ளை, எத்தனை பேருக்கு வந்து மாறினது" என்றார். நான் கதவோரம் நின்றேன். கதிரையில் இருக்க முடியாதே.

அதுதான் சொல்ல வேண்டிய நேரம். ஒரு வசனம். சுகந்தி தாயின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் களியைப் பார்த்தேன்.

"எனக்கும் ஒரு துண்டு தாங்கோ மாமி" என்றேன்.

"இது பொம்பிளையளின்ர இடுப்புக்கு, தம்பி. உங்களுக்கு என்னத்துக்கு?"

மாமி போன பிறகு சுகந்தி கேட்டாள்.

"ஏன் சொல்லேல்லை?"

"நீர் சொல்லியிருக்கலாமே."

"உங்கட கட்டியை நான் என்னெண்டு சொல்லுறது? நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுமட்டும் நான் வாய் திறக்கமாட்டன்."

"ஓம், சொல்லுறன். ஒரு நல்ல நேரம் பார்த்துச் சொல்லுறன்."

அந்த நல்ல நேரம் நாலு மாதம் வரவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேசனுக்குத் திகதி வருமட்டும் பிடித்த நாலு மாதம். அந்த நாலு மாதமும் என் கட்டிக்கான அனுதாபம் முழுக்க சுகந்திக்குப் போனது. கிழமைக்கு ஒரு டப்பா களி. வத்தளையில் இருந்து ஒரு பெரியம்மா நாட்டுக்கோழி முட்டை அனுப்பினார். பாலா அண்ணை கூடத் தன் காரை அனுப்பி, "பிள்ளையைப் பஸ்ஸில அலைய விடாதை ஐசே" என்று எனக்குப் புத்தி சொன்னார். அந்தக் காரில் பின்சீற்றில் சுகந்தி வசதியாக இருக்க, நான் முன்சீற்றில் ஒரு பக்கம் சரிந்து பல்லைக் கடித்துக்கொண்டு போவேன். கட்டி என்னுடையது, களி அவளுக்கு. என் பெண்சாதியிலேயே எனக்குப் பொறாமை வந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், உண்மையான பொறாமை.

களியோடு ஒரு பழைய ஜாம் போத்தலும் வந்திருந்தது. அதற்குள் கழற்சிக்காய்த் தூள், சாம்பல் நிறம். நீர்க்கட்டியைக் கரைக்கும் என்று மாமிக்கு யாரோ சொன்னது. காலையில் வெறும் வயிற்றில் சுடுதண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். சுகந்தி ஏய்த்துவிடுவாள் என்று மாமி தினமும் ஆறு மணிக்கு வீடியோவில் வந்து, குடித்து முடிக்குமட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். சுகந்தி தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, கோப்பையை வாயில் வைப்பாள். குடித்ததும் திரும்பி, கொஞ்ச நேரம் சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் கட்டிலில் இருந்து பார்ப்பேன். ஏதோ கும்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழமை, சனத்துக்கு என்ன சொல்வது என்ற கேள்வி வந்தது. எனக்கு ஹேர்னியா என்று சொன்னேன். குடலிறக்கம், ஆண்பிள்ளைக்கு வரக்கூடிய கௌரவமான வருத்தம், பாரம் தூக்கினால் வருவது. நான் தூக்குகிற ஆகப் பெரிய பாரம் ஒரு மூக்குக்கண்ணாடி என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாட்டில் பக்கத்துக் கட்டில் ரஹீம் நானா. கொம்பனித்தெருவில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறவர், சிறுநீரகக் கல் எடுத்திருந்தார்கள். கல்லை ஒரு குட்டிப் போத்தலில் போட்டுத் தலைமாட்டில் வைத்திருந்தார். பார்வையாளர் நேரம் வந்தால் குடும்பம் குடும்பமாக வந்து போத்தலைக் குலுக்கிக் கேட்பார்கள். அவருடைய பேரன் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகக் கேட்டான். என்னிடம் காட்ட என்ன இருக்கிறது?

"ஒங்களுக்கு என்னா மகன்?" என்று நானா கேட்டார்.

ஹேர்னியா என்றேன். நானா என் கட்டில் கால்மாட்டில் தொங்கிய காகிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஹ்ம்" என்றார். கல்லைப் போத்தலுக்குள் ஒரு தரம் குலுக்கிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

ஒப்பரேசனுக்கு முதல் நாள் இளம் டொக்டர் ஒருவர் வந்து கையெழுத்து வாங்கினார். கட்டியின் ஒரு பக்கம் மூத்திரப்பை, மறுபக்கம் மலக்குடல், இரண்டிலும் அது ஒட்டியிருக்கிறது, பிரிக்கும்போது சேதம் வரலாம் என்றார். இருக்கிற ஒரே சிறுநீரகத்தைக் கவனமாகப் பார்த்துக்கொள்வோம் என்றார். அந்த "ஒரே" என்ற சொல்லில் என் பகிடி எல்லாம் நின்றுவிட்டது. பேனையை வாங்கினேன். சுகந்தி என் முழங்கையைப் பிடித்தாள், கையெழுத்து நேராக வரட்டும் என்று. அவள் அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பகிடி விட்டிருப்பேன். என்னிடம் ஒன்று தயாராக இருந்தது.

காலையில் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மேலே லைற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனது ஞாபகம். தாதி மிஸி ஒருத்தி என் பெயரை மூன்று விதமாக உச்சரித்துப் பார்த்தாள். மூன்றுக்கும் ஓம் என்றேன். முழித்தபோது வாய் வறண்டு, வயிற்றில் நாலு பிளாஸ்ரர், ஒரு பக்கம் நீர் வடிகிற குழாய், மூத்திரத்துக்கு இன்னொரு குழாய். அந்த இரண்டாவது குழாயைப் பற்றி ஆண்கள் பயப்படுவது எல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தரமாக, ஓட்டம் இல்லை. கட்டி முழுதாக வந்துவிட்டது, பக்கத்துச் சுவர் ஒன்றும் இடிபடவில்லை என்று டொக்டர் வந்து சொன்னார்.

மூன்றாம் நாள் பின்னேரம் மாமியும் பாலா அண்ணையும் வந்தார்கள். பாலா அண்ணை வந்த கையோடு ரஹீம் நானாவுக்குத் தன் மணிக்கட்டைக் காட்டினார். நானா கல்லைக் காட்டினார். இரண்டு பேரும் அரசாங்கத் தூதுவர்கள்போல மரியாதை பரிமாறிக்கொண்டார்கள். நான் இரண்டு குழாய்களோடு கிடந்தேன்.

மாமி என்னிடம் இரண்டு வார்த்தை சுகம் விசாரித்துவிட்டு, மகள் பக்கம் திரும்பினார். கட்டிலில் கிடப்பவனின் விஷயம் முடிந்தது, இனி உண்மையான விஷயம் என்கிற திருப்பம்.

"பிள்ளை, தூள் குடிச்சு நாலு மாசமாச்சு. ஒண்டையும் காணேல்லை. நான் ஒரு பொம்பிளை டொக்டரைச் சனல் பண்ணிப்போட்டன், வாற வெள்ளிக்கிழமை. வெட்டி எடுக்கிறதெண்டாலும் எடுத்துப்போடுவம். இவரும் அதுக்குள்ள எழும்பி நடந்திடுவார்தானே, நீ வந்து அட்மிட் ஆகலாம்."

சுகந்தி போர்வையின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சரியம்மா" என்றாள்.

சரியம்மா. ஒரு குறையும் இல்லாத வயிற்றை இன்னொரு தரம் கொண்டுபோய்க் காட்ட அவள் தயாராக இருந்தாள். நான் சொல்லுமட்டும் வாய் திறப்பதில்லை என்று சொன்ன சொல்லுக்காக. ரஹீம் நானா மறுபக்கம் திரும்பிப் படுத்திருந்தார், ஆனால் கல்லுப் போத்தல் சத்தம் நின்றிருந்தது.

"மாமி" என்றேன். தண்ணீர் குடித்தேன். "மாமி, அவவுக்கு ஒண்டும் இல்லை."

"என்ன தம்பி?"

"நீர்க்கட்டி எனக்குத்தான். இப்ப எடுத்தது அதைத்தான். ஹேர்னியா எண்டது பொய். ஆம்பிளையளுக்கும் ஒரு பை இருக்கு. எனக்கு அது பிறப்பிலேயே பிழை. பிள்ளை இல்லாததும் என்னாலதான். நாலு மாசமா எனக்குத் தெரியும். நான் சொல்லேல்லை."

மாமி என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்.

"அப்ப நீ ஏனடி அந்தத் தூளைக் குடிச்சனீ?"

"நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தியள் அம்மா."

மாமி ஸ்டூலில் இருந்து சேலைத் தலைப்பை மடித்தார், விரித்தார், மடித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் எழும்பி, மகளுடைய தலைமயிரை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் செருகிவிட்டார். ஆறு வருஷத்து விரதங்களை அந்த ஒரு விரலால் எண்ணியதுபோல இருந்தது.

அடுத்துக் கேட்டது பாலா அண்ணைதான்.

"பிறப்பிலேயேயோ?"

"ஓம் அண்ணை. இடப்பக்கம் சிறுநீரகமும் இல்லை. ஒண்டுதான்."

"ஒண்டுதான்?" அவர் மணிக்கட்டைச் சட்டைக் கைக்குள் விட்டார். "கன பேருக்கு வாறதோ இது?"

"இந்த டொக்டர் இதுக்கு முதல் ரெண்டு பேரைத்தான் பார்த்தவராம்."

பாலா அண்ணையின் முகத்தில் நான் வாழ்நாளில் கண்டிராத ஒன்றைக் கண்டேன். எனக்கு நல்லாகத் தெரிந்த ஒன்றும்கூட. "எனக்கு இப்பிடி ஒண்டும் ஒருத்தரும் சொல்லேல்லையே ஐசே" என்றார், அவருடைய டொக்டர் எதையோ ஒளித்துவிட்டதைப்போல.

ஆறாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். எடுத்த கட்டியைச் சோதித்ததில் கெட்டது ஒன்றும் இல்லை என்று பிறகு அறிக்கை வந்தது. மூன்று மாதத்தில் திரும்ப ஒரு போத்தல் கொடுக்க வேண்டும். வலது பக்கம் நெரிபடாமல் இருப்பதால் கூடலாம், கூடாமலும் விடலாம், வாக்குத் தர முடியாது என்றார் டொக்டர். புதுப் போத்தல் அலுமாரியில் இல்லை. சாப்பாட்டு மேசையில், உப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது. இதை எழுதுவது அந்த மூன்று மாதத்துக்கு நடுவில், ஒரு சாதாரணக் கதிரையில், முழுதாக இருந்துகொண்டு.

பத்தாம் நாள் மாமி வந்தார். கையில் எவர்சில்வர் டப்பா. நேராக என்னிடம் கொண்டுவந்து, மூடியைத் திறந்து, மடியில் வைத்தார்.

"இந்தாங்கோ தம்பி. இடுப்புக்கு நல்லது."

அவ்வளவுதான் சொன்னார். நாலு மாதம் நான் மோப்பம் பிடித்த களி. கரண்டியை எடுத்தேன்.

"நில்லுங்கோ" என்றாள் சுகந்தி. சமையலறையில் இருந்து ஜாம் போத்தலோடு வந்தாள். "அம்மா, களிக்கு முதல் இது எல்லோ?"

மாமி ஒரு கணம் மகளைப் பார்த்தார். "ஓம், ஓம். அது முதல்" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

ஒரு சிறுநீரகத்தோடு இருக்கிறவன் கண்ட தூளும் குடிக்கக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன்.

"குடிக்கத் தேவையில்லை" என்றாள். "நாக்கை நீட்டுங்கோ. ஒரு கிள்ளு."

நீட்டினேன். வைத்தாள். வேப்பங்காய் தெரியும், பாகற்காய் தெரியும். இது அவற்றின் பாட்டன். கசப்பு நாக்கில் நிற்கவில்லை. காதுக்குள் போனது, கண்ணுக்குள் போனது, துப்ப இடமில்லாமல் நான் எழும்பிச் சமையலறைக்குள் ஓடி, தண்ணீரைக் கையில் எடுத்தும் குடிக்க முடியாமல், அப்படியே திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சுகந்தி தினமும் குடித்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த உயரத்தில் சுவரில் ஒரு ஆணி இருக்கிறது. முந்தி கலண்டர் தொங்கிய ஆணி. சுற்றி வரச் சுண்ணாம்பு வெடித்து, ஒரு பக்கம் கொஞ்சம் வளைந்து இருக்கும். வேறு ஒன்றும் அந்தச் சுவரில் இல்லை.